பேய்க்கு எப்போதும் பக்கத்து ஊர் மொழி

கேள்வி: ‘சந்திரமுகி’யில் பேய் தெலுங்கு பேசுகிறது. மலையாள மூலத்தில் தமிழ் பேசுமாமே? ஏன் மாற்றினார்கள்?
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஃபாசில் 1993இல் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்து நாகவல்லி உங்கள் ஊர் நாட்டியக்காரிதான். கேரளத்துப் பெரிய குடும்பம் ஒன்றின் மூத்த தலைவர் (காரணவர்) அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, அவள் வேறொருவனைக் காதலிப்பது தெரிந்ததும் கொன்றுவிட்டார் என்பது கதை. 2004இல் கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் 2005இல் ‘சந்திரமுகி’யிலும் அவள் தெலுங்குக்காரி ஆனாள். 2007இல் இந்தி ‘பூல் புலையா’வில் வங்காளி. ‘சந்திரமுகி’யைத் தெலுங்கில் டப் செய்தபோது ‘ரா ரா’ பாட்டு ‘வாராய்’ என்று தமிழுக்கே திரும்பிவிட்டது!

பெரிய வீட்டுக்குள் இருக்கும் பயம் இது. ஆடவென்று அழைத்துவந்த, கேட்க நாதியில்லாத பெண்ணுக்கு இழைத்த கொடுமை, அவள் குரலிலேயே திரும்பி வந்து கேட்கிறது. அந்தக் குரல் வீட்டு மொழியில் இருந்தால் பழி யாருடையது என்று புரியாது. ஆனால் எந்த அயல்மொழியும் பொருந்திவிடாது. தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசிரியர்களில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசவையில் இருந்தவர். அதனால் தஞ்சை நாட்டியக்காரி கேரளத்துக்கு அந்நியமில்லை. நமக்கோ தெலுங்கு என்றால் க்ஷேத்ரய்யர் எழுதிய பதம் என்னும் காதல் பாட்டு, அதற்கு ஆடும் அபிநயம். வடக்கே ‘வங்காளத்து மாயம்’ என்ற அச்சம் ரொம்பப் பழசு.

மலையாள மூலத்தில் கட்டில் காட்சியைக் கவனியுங்கள். கடைக்குப் போக வேண்டாம் என்கிறான் கணவன். அதுவரை மலையாளம் பேசிய மனைவி கங்கா (ஷோபனா), நாகவல்லியாக மாறி, ‘விடமாட்டே?’ என்று தமிழில் கேட்கிறாள். ஷோபனாவுக்கு அங்கே பேய் ஒப்பனை எதுவும் இல்லை, மொழி மட்டும்தான் மாறுகிறது. கட்டிலைத் தூக்குவது அதற்குப் பிறகு. எல்லாரும் ஒரே மொழியில் பேசும் டப்பிங்கில் பார்த்தால் இது வெறும் கோபமாகிவிடும். சப்டைட்டிலோடு மூலத்தையே பாருங்கள்.

‘சந்திரமுகி’ பயத்தைக் கோட்டைவிட்டது வேறொரு இடத்தில். மூலத்தில் கங்காவைக் காப்பாற்றும் மனநல மருத்துவர் சன்னி வெகுநேரம் கழித்துத்தான் வருகிறார், அதுவரை அந்த வீட்டுக்குள் நாம்தான் தவிக்கிறோம். தமிழில் நாயகன் ஆரம்பத்திலேயே சண்டை போட்டு ஜெயித்துவிடுகிறார். காப்பாற்ற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தபின் நாட்டியக்காரியின் பூட்டிய அறை என்ன பயம் காட்டும்?

கேள்வி: ஜப்பானிய ‘ரிங்கு’, அமெரிக்க ‘தி ரிங்’ இரண்டும் ஒரே கதைதானே?
(தேனி வாசகர்)

பதில்: பார்த்தவரைக் கொல்லும் வீடியோ கேசட், ஏழு நாள் கெடு, கிணறு எல்லாம் ஒன்றுதான். ஆனால் பின்னால் பேயாக வரும் பெண்ணைக் கிணற்றில் தள்ளுவது யார் என்று பாருங்கள். 1998 ஜப்பானியப் படத்தில் அப்பா, அவர் ஒரு ஆராய்ச்சியாளர். 2002 அமெரிக்கப் படத்தில் வளர்ப்புத் தாய். முடிவும் இரண்டிலும் வேறுதான். கேசட்டைப் பார்த்துவிட்ட மகனைக் காப்பாற்ற வேண்டுமானால் கேசட்டைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். ஜப்பானிய நாயகி அதை எடுத்துக்கொண்டு தன் வயதான அப்பாவிடம் காரோட்டிப் போகிறாள். அமெரிக்கப் படத்தில் மகன் பிரதியெடுக்கிறான். அதைப் பார்க்கப்போகிறவருக்கு என்ன ஆகும் என்ற அவன் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை.