50 மி.மீ. லென்ஸ் 80 ஆகிவிடுமா?

கேள்வி: கேனன் கிராப் சென்சார் கேமராவுக்கு (படம் பதியும் சென்சார் சிறியதாக இருக்கும் வகை) 50 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். வீட்டு விசேஷத்தில் எடுத்தால் மூன்று பேருக்கு மேல் ஃபிரேமுக்குள் வரவில்லை, பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கிறது. 'உன் கேமராவில் 1.6-ஆல் பெருக்கணும், அது 80 ஆகிவிடும்' என்கிறார் நண்பர். அப்படியானால் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்? அது கிராப் கேமராவுக்கென்றே செய்ததாயிற்றே, அதையும் 1.6-ஆல் பெருக்க வேண்டுமா?

பதில்: 50 எங்கே மாட்டினாலும் 50தான். குவியத் தொலைவு, அதாவது லென்ஸில் போட்டிருக்கும் அந்த மி.மீ. எண், லென்ஸின் குணம், கேமராவுக்குத் தகுந்தபடி மாறாது. லென்ஸ் உள்ளே விழவைக்கும் பிம்பத்தில் சென்சார் எவ்வளவைப் பிடிக்கிறது என்பதுதான் மாறுகிறது. பழைய 35 மி.மீ. ஃபிலிமின் படம் அளவே உள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உங்களுடையது 22.3. ஓரங்கள் வெளியே போய்விடுகின்றன, அவ்வளவுதான்.

சென்சார் அகலத்தைக் குவியத் தொலைவால் வகுத்து, ஆள் நிற்கிற தூரத்தால் பெருக்கிப் பாருங்கள். 3 மீட்டர் தள்ளி நின்றால் ஃபுல் ஃபிரேமில் 2.16 மீட்டர் அகலம் கிடைக்கும், உங்களுக்கு 1.34தான். ஆளுக்கு 45 செ.மீ. வைத்தால் மூன்று பேரே இடித்துக்கொண்டுதான் நிற்கணும்!

கிராப் லென்ஸில் ஏற்கெனவே பெருக்கிய எண்ணைத்தான் அச்சடித்திருப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, 18-55 என்பதும் நிஜ அளவுதான். சந்தேகமிருந்தால் அதை 50-க்குத் திருப்பி ஒரு படம் எடுங்கள், அதே இடத்தில் நின்று புது லென்ஸிலும் எடுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே படமாக இருக்கும். ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிடத்தான் 1.6 (36-ஐ 22.3-ஆல் வகுத்தால் வருவது) வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் பழகியவர்களுக்கு அது வசதி, அந்தக் கேமராவையே தொடாதவருக்கு எதற்கு?

கிராப் கேமராவில் 50-ஐ மாட்டினால் 80 மி.மீ. லென்ஸ் போல முகம் எடுப்பாக வரும் என்பார்கள், அதுவும் பாதி உண்மைதான். மூக்கு பெரிதாகத் தெரிவதும் தெரியாததும் நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோணம் குறுகுவதால் தானாகத் தள்ளிப் போகிறீர்கள், முகமும் சீராக வருகிறது.

சரி, விசேஷத்துக்கு 18-55ஐயே மாட்டி 24-ல் வையுங்கள், அதே தூரத்தில் ஆறு பேர் வருவார்கள். 18 வரை இறக்கினால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாக இழுபடுவார்கள், சித்தப்பாவை அங்கே நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் போனின் மெயின் கேமரா 26 மி.மீ. என்று போட்டிருக்கிறதே, அதையும் பெருக்கணுமா?

பதில்: வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத போனில் நிஜமான 26 மி.மீ. எங்கே உட்காரும்? அது ஃபுல் ஃபிரேமுக்கு ஈடாகப் பெருக்கியே போட்ட எண்.