பொழுது சாய்ந்தால் மொய்க்கும் பூச்சிகள்: கோழிக்கூண்டுக்கு என்ன காவல்?

கேள்வி: வீட்டில் 12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அந்தியில் பொடிப்பூச்சிகள் மொய்க்கின்றன. கூண்டுக்குக் கொசுவலை கட்டியும் கோழிகள் இரவெல்லாம் தலையை உதறுகின்றன. என்ன செய்வது?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அந்தியில் தலைக்கு மேல் தூண்போல நின்று சுழலும் கூட்டம் பெரும்பாலும் கடிக்காத வகை. கடிப்பவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் டார்ச் அடித்துக் கொண்டை, தாடி, கண்ணைச் சுற்றிய தோல் மூன்றையும் பாருங்கள். கொசு உட்கார்ந்திருக்கலாம், அல்லது அதைவிடச் சிறிய, 1 முதல் 3 மி.மீ. நீளமே உள்ள பூச்சி இருக்கலாம். அந்தச் சிறியது சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக நுழைந்துவிடும். உங்கள் வலை பயன்படாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உட்காரும் கம்பின் பொந்துகளையும் பார்த்துவிடுங்கள். உண்ணியும் செள்ளும் பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் கடிக்கும்.

பசுமைக்குடிலுக்கு விற்கும் 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) வலையை வாங்கி, ஜன்னலுக்கும் கதவுக்கும் சட்டம் அடித்து, ஏற்றி இறக்கும்படி பொருத்துங்கள். கதவிடுக்கில் விரலளவு சந்து இருந்தாலும் செலவு வீண். இந்த வலையில் காற்றோட்டம் குறையும். எச்சத்தின் நெடி உள்ளேயே தங்கிக் கோழிக்குக் கண்ணும் மூச்சும் கெடும். அதனால் மாலை 5 மணிக்கு இறக்கி, வெயில் ஏறியதும் சுருட்டிவிடுங்கள். இறகுத்தூசி அடைத்துக்கொள்ளும், பத்து நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள்.

வலையைவிட எனக்கு நம்பிக்கை காற்றின் மேல்தான். இந்தப் பூச்சிகளால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. ஒரு சின்ன மின்விசிறியைக் கூண்டுக்கு வெளியே, கோழி எட்டாத இடத்தில், உட்காரும் கம்பின் மேல் காற்று படும்படி வையுங்கள். அந்தி முதல் இரவு 9 மணி வரையும் விடியலில் ஒரு மணி நேரமும் ஓடினாலே நல்ல பலன் தெரியும். ஒயர் மழையில் நனையக்கூடாது. குஞ்சுகள் இருக்கும் மூலைக்கு நேர்க்காற்று வேண்டாம்.

ஈரம் இருக்கும் வரை இத்தனையும் பாதி வேலைதான். கொசு முட்டையிட்டுப் பறக்க ஏழெட்டு நாள் போதும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டாங்குச்சி, டயர், பூந்தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். அந்தச் சிறிய பூச்சி எச்சம் கலந்த சேற்றில் பெருகும். தண்ணீர் சிந்தும் இடத்தில் மணலும் ஜல்லியும் கொட்டி மேடாக்குங்கள். கூண்டுத் தரையில் உமி 2 அங்குலம் போடுங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நின்றால் மாற்ற வேண்டும். சுண்ணாம்பு தூவுவதானால் நீர்த்த சுண்ணாம்புத் தூள் மட்டும். நீர்க்காதது கால் தோலைப் பொசுக்கும்.

கேள்வி: கூண்டுக்குள் வேப்பிலை மூட்டம் போடலாமா?
- வாசகர், திருப்பத்தூர்

பதில்: உள்ளே வேண்டாம். கோழியின் மூச்சுப்பை மென்மையானது, புகை தாங்காது. கோழி அடையும் முன், காற்று வரும் பக்கம் பத்தடி தள்ளிப் போடுங்கள். கொசுவர்த்தியும் பூச்சிமருந்து ஸ்பிரேயும் கூண்டுக்குள் கூடவே கூடாது.

கேள்வி: கொண்டையில் கரும்பொருக்குகள் வந்துள்ளன. கொசுக்கடியா, அம்மையா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: கடித்த தடம் சிறு புள்ளியாக நின்று சில நாளில் காய்ந்துவிடும். வெளிறிய கொப்புளம் மஞ்சளாகி, ஒன்றோடொன்று சேர்ந்து கருத்துத் தடித்தால் அம்மை. பெரும்பாலும் கொசுதான் இதை ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். பொருக்கைப் பிய்க்காதீர்கள்; உதிர்ந்ததைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், அதில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நோய்க்கோழியைத் தனியே வலைக்குள் வையுங்கள். புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாம், கண்ணில் படாமல். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அம்மை மெதுவாகப் பரவும் நோய் என்பதால், மற்ற கோழிகளுக்கு இப்போது தடுப்பூசி போட்டாலும் காப்பாற்றலாம். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். ஏழு முதல் பத்து நாளில் அந்த இடம் தடித்தால் ஊசி பிடித்தது என்று பொருள். தடிக்காவிட்டால் திரும்பப் போட வேண்டும். அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கு 6 முதல் 8 வாரத்துக்குள், மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.