லீவில் ஏறிய மூன்று கிலோவும் எலுமிச்சைத் தண்ணீரும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸில் கணக்கர் வேலை. நான்கு ஆண்டுகளாக இனிப்புநீர். மெட்ஃபோர்மின், கிளிக்லசைட் இரண்டும் சாப்பிடுகிறேன். ஆண்டு இறுதியில் இரண்டு வாரம் லீவு எடுத்தேன். பிள்ளைகளோடு இரவு இரண்டு மணி வரை படம், காலை பத்துக்கு எழுந்து ரொட்டி சானாய், மாலையானால் உறவினர் வீட்டு விருந்து. இரவு மாத்திரை சில நாள் விட்டுப்போனது. இப்போது எடை 3 கிலோ கூடிவிட்டது. காலை வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி 9.8 (mmol/L). திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் மூன்று நாள் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து உடம்பைச் சுத்தம் செய்யலாமா? தைப்பூச விரதமும் வருகிறது.

பதில்: எலுமிச்சைத் தண்ணீர்த் திட்டத்தை இன்றே கைவிடுங்கள். கிளிக்லசைட், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி 4-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் மங்கும். இது பினாங்குப் பாலத்தின் நடுவில் கார் ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படி எப்போதாவது வந்தால் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். கைப்பையில் கொஞ்சம் சீனி எப்போதும் இருக்கட்டும். உடம்பைச் சுத்தம் செய்யும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அவை லீவு போடவில்லை.

அந்த 3 கிலோவைப் பற்றிப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். மூன்று கிலோவும் கொழுப்பென்றால், இரண்டு வாரமும் தினம் 1,600 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நாசி கண்டார் தட்டில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னாலும் தினமும் அப்படிச் சாப்பிடுவது கஷ்டம். ஆகவே பெரும்பகுதி தண்ணீர்தான். மாவுச்சத்து அதிகமானால் உடம்பு அதைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் தங்கும். குழம்பிலும் சம்பாலிலும் இருந்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு வாரம், பத்து நாளில் இது கணிசமாகக் குறையும். மிச்சமிருப்பதுதான் உண்மையான கொழுப்பு. அதைக் கரைக்க மாதங்கள் இருக்கின்றன. ஒரு வாரத்துக்குத் தராசில் ஏறாதீர்கள்.

ஓய்வு எடுத்ததற்காகக் குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அவசியமே இல்லை. வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தவர் இரண்டு வாரம் பிள்ளைகளோடு விழித்திருந்தது நல்ல விஷயம். எனக்குப் பிடிக்காதது, மாத்திரையும் லீவில் போனதுதான்.

உணவைவிட முதலில் நான் சரிசெய்யச் சொல்வது எழும் நேரத்தை. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியும் கூடும். அந்த நிலையில் எந்த டயட்டும் நிற்காது. நம் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போக உடனே சம்மதிக்கும், முன்னால் வரத்தான் அடம்பிடிக்கும். பத்து மணிக்குத் தூங்கப் போகிறேன் என்று படுத்துப் புரள்வதில் பயனில்லை. நாளை முதல் ஆறு மணிக்கு எழுந்துவிடுங்கள், எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும். பினாங்கில் ஒரு சிக்கல்: 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து நமக்கு விடியல் தாமதம். ஜனவரியில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் வரும். ஆகவே எழுந்ததும் வீட்டு விளக்குகளை எல்லாம் போடுங்கள், வெளிச்சம் வந்ததும் சற்று வெளியே நில்லுங்கள். பகல் தூக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு தேநீர், காப்பி வேண்டாம். மூன்று நான்கு நாளில் தூக்கம் தானாக முன்னால் வந்துவிடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தே தாரிக்குக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறி. இரவு சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் ஃப்ளாட்டைச் சுற்றி நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியை இது நன்றாகக் கட்டுப்படுத்தும்.

விட்டுப்போன மாத்திரைகளை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடாதீர்கள். இன்றிலிருந்து வழக்கமான அளவைச் சாப்பிட்டால் போதும். பொதுவாக வெறும் வயிற்றில் 4.4 முதல் 7-க்குள் சீனி இருக்க வேண்டும். தினமும் காலையில் சோதித்து எழுதி வையுங்கள். இரண்டு வாரத்திலும் 7-க்கு வராவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, ஆறாத கால் புண் இதில் ஏதாவது இருந்தால் அன்றே போக வேண்டும்.

அப்புறம் தைப்பூசம். சைவம் மட்டும் என்றால் தாராளமாக இருக்கலாம். ஆனால் பொரித்த மாவுப் பண்டங்களும் தண்ணீர்ப் பந்தல் சர்பத்தும் சைவம்தான், சீனியை ஏற்றிவிடும். ஒருவேளைச் சாப்பாடு, முழு நாள் பட்டினி என்று விரதம் இருப்பவரானால், தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளிக்லசைட் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், அதை நீங்களே மாற்றக் கூடாது. போகும்போது சீனி அளவு எழுதிய தாளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.