உறுமி கரகரக்கிறதா? 192-க்குக் காசு கட்டாதீர்கள்

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உறுமி மேளக் குழு நடத்துகிறோம். தைப்பூசத்துக்காகப் பாடல் பதிந்தோம். உறுமி அடி விழும் இடமெல்லாம் கரகரப்பு. 192 கிலோஹெர்ட்ஸில் மறுபடி பதிந்தால் சரியாகிவிடும், கட்டணம் இரண்டு மடங்கு என்கிறார் ஸ்டூடியோக்காரர். கட்டலாமா?

பதில்: ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள் தம்பி. அடி விழும்போது ஒலி, பதிவுக் கருவி தாங்கும் உச்சத்தைத் தாண்டி, அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. அதை 192-இல் பதிந்தாலும் வெட்டுப்பட்டதுதான் கிடைக்கும். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்கச் சொல்லுங்கள். குழுவில் பலமாக அடிப்பவரை முழு வேகத்தில் அடிக்கவிட்டு அளவு பாருங்கள். ஒத்திகையில் எல்லாரும் பூப்போலத்தான் அடிப்பார்கள், பதிவு என்றதும் சாமி வந்துவிடும். மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், உச்சமான 0-வைத் தொடவே கூடாது. மைக்கைத் தோலை ஒட்டி வைக்காமல் ஒரு கை தூரம் தள்ளி, குச்சியால் தேய்க்கும் பக்கமாகத் திருப்புங்கள்.

192 என்றால் நொடிக்கு 192,000 தடவை ஒலியை அளப்பது. நம் காது கேட்பதே மிஞ்சிப்போனால் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்குச் சற்று மேல் போதும். சிடி 44,100-இல்தான் ஓடியது. நீங்கள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வோர் அளவின் நுணுக்கம்) கேளுங்கள். வீடியோவுக்கும் அதுவே.

ஒரே ஒரு விதிவிலக்கு. உறுமியின் ஓர் அடியை வெட்டியெடுத்து, பாதி வேகத்துக்கு இழுத்துக் கீபோர்டில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் 96 உதவும். 48-இல் பதிந்தது 24,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பாதி வேகத்தில் அந்த எல்லை 12,000-க்கு இறங்கி, ஒலி மந்தமாகும். 96 என்றால் மேலே இன்னும் சரக்கு இருக்கும். அதுவும் மைக் அவ்வளவு உயரம் பிடித்தால்தான். பல மைக்குகள் பிடிக்காது. தைப்பூசப் பாட்டுக்கு இது எதற்கு?

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒலியில் ஒரு பகுதியைக் களைந்து சுருக்கிய எம்பி3-ஐ, சுருக்காத வேவ் கோப்பாக மாற்றி, ‘எச்டி மாஸ்டர்’ என்று தலையில் கட்டும் இடைத்தரகர்கள் இங்கே அதிகம். கோப்பு பெரிதாகும், போன ஒலி திரும்பாது. பதிந்த அன்றே ஒவ்வொரு கருவியின் தனி டிராக்கையும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் வாங்குங்கள். ‘பிறகு அனுப்புகிறேன்’ என்றால் மீதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

பாட்டுப் போட்டி நடத்துபவர்களைச் சொல்லவே வேண்டாம். படிவத்தில் ‘ஹை ரெசல்யூஷன் கட்டாயம்’ என்பார்கள், கடைசியில் வாட்ஸ்அப்பில் போடு என்பார்கள். போடத்தான் வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் நான்கு நிமிட ஸ்டீரியோ வேவ் சுமார் 69 எம்பி, தாராளமாகப் போகும்.