சிங்கர் 66-ல் ஃப்ரீ மோஷன்: பல் இறங்காவிட்டால்?

சிங்கர் 66 தையல் மெஷினில் ஃப்ரீ மோஷன் (துணியைக் கையாலேயே நகர்த்தித் தைப்பது) செய்யும்போது துணியை நகர்த்தும் பல் கீழே இறங்கவில்லை, அடியில் நூல் கொத்தாகச் சேருகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலாவது கோளாறே இல்லை, பழைய 66-களில் பல்லை இறக்கும் அமைப்பு கிடையாது. தையல் நீளத்தை முடிந்தவரை குறைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் ஊசிக்கு ஒரு துளை போட்டுப் பல்லுக்கு மேல் டேப் ஒட்டி வையுங்கள், அடிநூல் சுற்றிய பாபினின் மூடித் தகடு மட்டும் தடையில்லாமல் திறக்க வேண்டும்.

கொத்து விழுவதற்கு, என் ஊகம், ஃபுட்டை (துணியை அழுத்தும் பாதம்) ஏற்றி இறக்கும் லீவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃப்ரீ மோஷனுக்கான டார்னிங் ஃபுட் துணியைத் தொட்டும் தொடாமலும் நிற்பதால் லீவர் மேலே இருப்பதே தெரியாது, ஆனால் அதை இறக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் மூடி மேல்நூலைப் பிடிக்கும். அப்புறம் தொடங்கும்போது பாபின் நூலை மேலே இழுத்து இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களைப் போடுங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தையல் விட்டுப்போகும், எனவே கால் வேகமாகவும் கை நிதானமாகவும் போகட்டும்.

ஃபுட் வாங்கும் முன் உங்கள் மெஷினில் ஃபுட் திருகு பின்பக்கமா பக்கவாட்டிலா என்று பாருங்கள். பின்பக்கம் என்றால் பக்கவாட்டில் திருகும் வழக்கமான லோ ஷாங்க் (குட்டைத் தண்டு) ஃபுட் பொருந்தாது.