பால்பல் விழவில்லை, அடியில் பல்லும் இல்லை

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கீழ்த்தாடையில் பால் கடைவாய்ப்பல் ஒன்று விழவே இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் அதன் அடியில் முளைக்க வேண்டிய பல்லே உருவாகவில்லையாம். பால்பல்லைப் பிடுங்கிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள். ஞானப்பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால், பிறவியிலேயே உருவாகாமல் போகும் பற்களில் முன்வரிசையில் நிற்பது இதுதான்: கீழ்த்தாடையின் இரண்டாவது முன்கடைவாய்ப்பல், அதாவது அந்தப் பால் கடைவாய்ப்பல்லின் இடத்தில் முளைக்க வேண்டிய பல். சில பிள்ளைகளுக்கு இதன் கரு தாமதமாகவே எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால் 9 வயதுக்கு முன் ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. 11 வயதில் எடுத்த ஓ.பி.ஜி.யை (இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) நம்பலாம். அதே படத்தில் மறுபக்கத்தையும் மேல்தாடையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்பு பருமனாக இருக்கும். இந்தப் பால்பல்லை எடுத்தால் மூன்று, நான்கு ஆண்டுகளில் அந்த இடத்து எலும்பின் அகலம் சுமார் கால்பங்கு குறைந்துவிடும். பின்னாலிருக்கும் பெரிய கடைவாய்ப்பல் முன்பக்கம் சாயும், எதிரே உள்ள மேல்பல் கீழிறங்கும். ஆகவே முதலில் சொத்தை இருக்கிறதா, வேர் எவ்வளவு கரைந்திருக்கிறது, பல் பக்கத்துப் பற்களின் மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் அது 20 வயது தாண்டியும் உழைக்கும். பால்பல் சுமார் 10 மி.மீ. அகலம், வரவேண்டிய பல்லோ 7 மி.மீ.தான். கடி சரியாகப் பொருந்த, பக்கவாட்டில் கொஞ்சம் இழைக்க வேண்டியிருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது, பல் ‘அமிழ்வது’. உண்மையில் அது அமிழ்வதில்லை. வேர் எலும்போடு ஒட்டிக்கொள்ள, பக்கத்துப் பற்கள் எலும்போடு சேர்ந்து உயர, இது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தட்டினால் உலோகத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். வளர்ச்சி மீதமிருக்கும்போதே மட்டம் இறங்கிக்கொண்டே போனால் அப்போது எடுத்துவிடுவதே நல்லது; விட்டுவைத்தால் எலும்பில் நிரந்தரப் பள்ளம் விழும். பற்கள் நெருக்கியடித்து முளைத்திருந்தால் கணக்கு வேறு: பால்பல்லை எடுத்து, கிளிப் போட்டு இடைவெளியை மூடிவிடலாம். அதை ஆர்த்தோடான்டிஸ்ட்தான் (பல்வரிசையைச் சீரமைக்கும் மருத்துவர்) முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 14 வயது. மேல்வரிசையில் இரண்டு முன்பற்களுக்கும் பக்கத்துப் பற்கள் முளைக்கவில்லை. இப்போதே இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: கூடாது. இம்பிளான்ட்டும் எலும்போடு ஒட்டிய பல்தான். முகம் வளர வளர மற்றவை இறங்கிவர, இது மட்டும் மேலேயே குட்டையாக நின்றுவிடும். பையன்களுக்கு 20, 21 வயதுவரை காத்திருப்பது வழக்கம். அதுவரை கிளிப் போட்டு 6, 7 மி.மீ. இடம் ஒதுக்கி, பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் ஒட்டும் பாலம் (செயற்கைப் பல்லைத் தாங்கும் அமைப்பு) கட்டலாம். கிளிப்பைக் கழற்றும் முன் ஓர் எக்ஸ்ரே கேளுங்கள். ஈறுக்கு மேலே இடம் இருந்தும் உள்ளே வேர்கள் நெருங்கி நின்றால் பின்னால் இம்பிளான்ட் இறங்காது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இன்னொரு வழி, கோரைப்பல்லை முன்னே நகர்த்தி, நுனியை இழைத்து, பக்கப்பல்லாக மாற்றுவது. கோரைப்பல் சற்று மஞ்சளாகத் தெரியும் என்பது மட்டும் குறை.

கேள்வி: 3 வயதுப் பேரனுக்கு நான்கே பற்கள், அவையும் கூம்பு மாதிரி. முடி மெல்லியது. வியர்ப்பதே இல்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எக்டோடெர்மல் டிஸ்பிளேசியாவாக (பல், முடி, வியர்வைச் சுரப்பிகள் பிறவியிலேயே சரியாக உருவாகாத நிலை) இருக்கலாம். பல்லைவிட வெயில்தான் முதல் ஆபத்து. வியர்க்காத உடம்பு சூடேறிவிடும். உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிந்துப் பகுதியில் ஒரே குடும்பத்து ஆண்கள் பத்துப் பேருக்கு இப்படி இருந்ததை டார்வினே எழுதியிருக்கிறார். பெண்கள் வழியாக ஆண்களுக்கு இறங்கும் வகை அது. குழந்தையின் தாய்க்கும் ஓரிரு பற்கள் குறைவாகவோ சிறியதாகவோ இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பால்பல் இல்லாத இடத்தில் பெரும்பாலும் நிலைப்பல்லும் வராது. பல்லைத் தாங்கும் எலும்பு உயராததால் முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையாகி, உதடு மடிந்து, முகவாய் துருத்தித் தெரியும். 3, 4 வயதிலேயே சின்ன பல்செட் போடலாம். மெல்லவும் பேசவும் உதவும்; தாடை வளர்வதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். கூம்புப் பற்களைப் பிடுங்க விடாதீர்கள், பல்செட்டுக்குப் பிடிமானம் அவைதான்.