தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாழும் ஒரு கிறிஸ்தவர் இரக்கம் பற்றிய போதனையை அன்றாடம் எப்படிக் கடைப்பிடிக்கலாம்?

நல்ல சமாரியன் உவமையை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட லூக்கா 10:35-ஐ வேகமாகத் தாண்டிவிடுவார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சமாரியன், மறுநாள் கிளம்பும்போது சத்திரக்காரனிடம் இரண்டு பணம் (அந்தக் கால வெள்ளிக்காசு) கொடுக்கிறான். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். மத்தேயு 20-இல் திராட்சத் தோட்டத்து ஆளுக்குப் பேசிய நாள் கூலி ஒரு பணம். அப்படியென்றால் இவன் கொடுத்தது இரண்டு நாள் கூலி, கூடவே திரும்பி வருவதாக ஒரு வாக்கு. மனம் உருகுவது 33-ஆம் வசனத்தோடு சரி, மீதியெல்லாம் வேலையும் செலவும்தான்.

ஆகவே முதலில் பணத்தை ஒதுக்குங்கள். மாதச் சம்பளம் 24,000 என்றால் இரண்டு நாள் கூலி 1,600. சம்பளம் வந்த அன்றே தனிக் கவரில் போடுங்கள். தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பர்ஸில் மிஞ்சிய ஐம்பதுதான் கைக்கு வரும்.

உவமை நடந்தது சாலையில். நமக்கும் தர்மபுரி–சேலம் நெடுஞ்சாலையில், அடிக்கடி விபத்து நடக்கும் தொப்பூர் கணவாய் இருக்கிறது. விபத்தைப் பார்த்தால் 108-க்குச் சொல்லும்போது, சேலம் போகும் பக்கமா தர்மபுரி வரும் பக்கமா என்பதை முதலில் சொல்லுங்கள். பக்கம் மாறினால் வண்டி சுற்றி வர வேண்டியிருக்கும். சமாரியன் காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சரசமும் அந்தக் கால மருந்து; இன்று காயத்தில் எதையும் ஊற்ற வேண்டாம். சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் ஊறினால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றுவது நம் ஊரில் பெரிய தப்பு. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தீ மாதிரி உடனடி ஆபத்து இல்லாவிட்டால் கழுத்தை அசைத்துத் தூக்கவும் கூடாது.

போலீஸ் கேஸ் பயம் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராமல் காக்கிறது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்தச் சட்டம் உதவுபவருக்கு வைத்திருக்கும் பெயரே 'நல்ல சமாரியன்'தான்.

மருத்துவமனைக்குப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிப் போகிறார்கள். தப்பில்லை. ஆனால் சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரம் பக்கமிருந்தோ வந்து படுத்திருப்பவரின் கவலை பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "மாட்டுக்கு யாருங்க தண்ணி காட்றாங்க? பசங்களுக்கு யாரு சோறு ஆக்கறாங்க?" என்று கேளுங்கள், பதில் வரும். கூட இருப்பவருக்குப் பாய், பக்கெட், பஸ் காசு, காலை டிபன் இவைதான் தேவை. ஜெபம் பண்ணலாமா என்பதை அவர்கள் விரும்பினால் மட்டும், கடைசியில் கேளுங்கள். சமாரியன் அடிபட்டவனிடம் எந்த ஊர், என்ன மதம் என்று விசாரிக்கவில்லை.

கோடையில் தேவாலய வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடும் பங்குச் சபைகளுக்கு ஒரு சொல்: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் வைக்காதீர்கள். இங்கே பல இடங்களில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் பிடித்து வையுங்கள்.

தக்காளி பறிக்க, மாங்காய் இறக்க ஆள் வைப்பவர்களுக்கு உபாகமம் 24:15 போதும்: பொழுது சாயுமுன் கூலி. சனிக்கிழமை மொத்தமாகக் கணக்குப் பார்க்கலாம் என்பது முதலாளிக்கு வசதி. கூலிக்காரர் அந்த ஐந்து நாளும் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டும். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கொடுத்து அனுப்புங்கள். கொடுப்பதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுவது பற்றி மத்தேயு 6:3 தெளிவாகவே சொல்கிறது: வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம்.

அப்புறம் அந்த 'திரும்பி வருவேன்'. டிஸ்சார்ஜ் அன்று வீடு நிறையக் கூட்டம் இருக்கும், பத்து நாள் கழித்து யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் சீட்டில் எழுதியிருக்கும் மறுபரிசோதனைத் தேதியை உங்கள் போனில் குறித்துக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலம் கூப்பிட்டு, "நாளைக்கு எந்த பஸ்ஸுக்கு வர்றீங்க, கூட யாரு வர்றாங்க?" என்று கேளுங்கள்.